சத்தம் போடும் சிற்பத்தை உடம்பில் மாட்டி ஆட வைக்கிறேன், இரைச்சல்தான் வருகிறது. வழி சொல்லுங்கள்

வண்ணக்கூடை | ஜனவரி 11, இரவு 9.40

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. மார்ச் முதல் வாரம் ஆண்டு விழா. வழக்கமாக என்னிடம் கேட்பது மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் ஒரு மலை, ஒரு அருவி, நடுவில் சூரியன். இந்த வருடம் அது வேண்டாம், பிள்ளைகளே சிற்பத்தை மாட்டிக்கொண்டு மேடைக்கு வரட்டும், நடந்தால் அந்தச் சிற்பமே சத்தம் கொடுக்கட்டும், பின்னணிப் பாட்டு எதுவும் வேண்டாம் என்று நானாக வாயை விட்டு மாட்டிக்கொண்டேன்.

8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர். நவம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் செய்கிறோம். அட்டை, மூங்கில் தப்பை, காகிதக் கூழ் (பாட்டி காலத்துக் கூடைக்கு அரைக்கிற மாதிரி வெந்தயம் சேர்த்தது). ஒரு பெண் முதுகில் நண்டு ஓடு, அதன் கால்கள் முழுக்கக் கொட்டாங்குச்சி. ஒரு பையன் பழைய திரைச்சீலைக் குழாய்களை அறுத்து விலா எலும்புக்கூடு செய்திருக்கிறான், மீதிக் குழாய்களைத் தோளிலிருந்து ஒரு சாண் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பனைமரம், நிஜ ஓலை. சோடா மூடி 600க்கு மேல் சேர்த்து மீன் செதில் மாதிரி ஒரு அங்கி. பார்க்க அத்தனையும் அழகு.

போன சனிக்கிழமை முதல் ஒத்திகை. 22 பேரும் ஏறி நடந்தார்கள், கல்யாண வீட்டுப் பாத்திரங்களை லாரியிலிருந்து இறக்குகிற சத்தம். எது நண்டு எது மீன் என்று காது பிரிக்கவில்லை. குழாயைத் தட்டினால் டிங் வரும் என்று பார்த்தால் டொக். 600 மூடியும் உரசிக்கொண்டு மண்வெட்டி இழுக்கிற ஒலி. நில்லுங்கள் என்று கத்தினால் நின்ற பிறகும் கிணுகிணுவென்று ஓயவில்லை. தலைமையாசிரியர் ஒரு ஓரமாக வந்து, "பேசாமல் ஒரு பாட்டைப் போட்டுவிடலாமே டீச்சர்" என்றார்.

7 வாரம் இருக்கிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?


காயலான்_கடை | ஜனவரி 11, இரவு 10.25

டீச்சர், குழாயை எங்கே துளை போட்டுக் கட்டியிருக்கிறீர்கள்? நுனியில்தானே? அதுவும் கேபிள் டை போட்டு இறுக்கியிருப்பீர்கள். அதுதான் டொக்.

ஒரு குழாயைத் தட்டினால் அது வில் மாதிரி வளைந்து நிமிர்ந்து அதிரும். நடுவும் இரண்டு நுனியும் ரொம்ப ஆடும், இடையில் இரண்டே இரண்டு இடம் ஆடாது. அந்த இடம் ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம். 30 செ.மீ. குழாய் என்றால் நுனியிலிருந்து 6.7 செ.மீ. அங்கே பிடித்தால் குழாய்க்கு நீங்கள் பிடித்திருப்பதே தெரியாது, பாடும். வேறு எங்கே இறுக்கிப் பிடித்தாலும் கழுத்தைப் பிடித்த மாதிரி. அங்கேயும் கேபிள் டை வேண்டாம், செருப்புத் தைக்கிறவரிடம் நைலான் நூல் வாங்கித் தளர்வாகக் கோத்துக் கட்டுங்கள். அட்டையில் குழாய் உட்காரக் கூடாது, விரல் நுழைகிற அளவு தள்ளி நிற்க வேண்டும்.

இன்னொன்று. அறுக்கும்போது பாதி நீளத்துக்கு அறுத்தால் ஒரு ஸ்தாயி ஏறும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது தம்பூராக் கம்பிக்குச் சரி, இங்கே இல்லை. குழாயில் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகச் சுருதி ஏறும். பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி எகிறிவிடும். 30 செ.மீ. குழாய்க்கு மேல் ஸ்தாயி வேண்டுமென்றால் 21.2 செ.மீ. நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு முழு அலுமினியக் குழாயைத் துண்டு துண்டாக்கி, வீட்டில் பேச்சு வாங்கி, அதையெல்லாம் திரும்ப எடைக்கே போட்டேன்.

சோடா மூடிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும், பார்த்தீர்களா? அதைக் கழற்றாவிட்டால் சத்தமே வராது, அது கம்பளி போர்த்திய மாதிரி. கழற்றிவிட்டு மூடியைச் சுத்தியலால் தட்டையாக்கி, நடுவில் ஆணித் துளை, இரண்டிரண்டாகக் கம்பியில் முதுகோடு முதுகு. கம்பியில் 3, 4 மி.மீ. இடைவெளி விட வேண்டும். கஞ்சிராவில் இருக்கிற சலங்கைத் தகடு இதே கணக்குதான். துணியில் தைத்தால் எவ்வளவு வைத்தாலும் ஊமை.


கால்சலங்கை | ஜனவரி 12, காலை 6.15

நான் நடனம் கற்பிக்கிறவள், சிற்பம் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் கடைசி வரிதான் எனக்கு உறுத்தியது. "நின்ற பிறகும் ஓயவில்லை." அதுதான் நோய், மற்றதெல்லாம் அதன் அறிகுறி.

சலங்கை கட்டிய பிள்ளைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது தட்டுவதை இல்லை, சத்தம் வராமல் நடந்து மேடைக்குப் போவதை. மணியெல்லாம் கணுக்காலோடு ஒட்டி நெருக்கமாக இருக்கும், உள்ளே இருக்கிற இரும்புக் குண்டு சின்னது, கால் நின்ற நொடியில் அதுவும் நிற்கும். அதனால்தான் ஒரு தட்டு ஒரு தட்டாகக் கேட்கிறது. அதே மணிகளை ஒரு தாவணியின் ஓரத்தில் தைத்துப் பாருங்கள், ஆடவே வேண்டாம், மூச்சு விட்டாலே சத்தம். பார்க்கிறவருக்கு ஐந்து நிமிடத்தில் காது மரத்துவிடும்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாகச் சிற்பத்தை மாட்டிக்கொண்டு நிற்கட்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்து நிற்க வேண்டும். சத்தம் எப்போது நின்றதோ அப்போது கை தூக்கச் சொல்லுங்கள். அடி வைத்து ஒரு நொடிக்குள் கை எழாவிட்டால் அந்தச் சிற்பம் இன்னும் தயாராகவில்லை.


மிச்சிகன்_ஏரி | ஜனவரி 12, காலை 8.02

டீச்சர், சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். நிக் கேவ் என்று ஒரு கலைஞர், இந்த ஊர்க்காரர் (ஆஸ்திரேலியப் பாடகர் ஒருவருக்கும் அதே பெயர், தேடினால் அவர்தான் முதலில் வருவார், ஏமாந்துவிடாதீர்கள்). அவர் செய்கிற மாட்டிக்கொள்ளும் சிற்பங்களுக்குப் பெயரே சவுண்ட்சூட். முதலாவதைச் செய்தது 1992இல். அதற்கு முந்தைய வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர்கள் அடித்த வீடியோ வெளியாகி நாடே கொதித்தது. இவர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது தரையில் கிடந்த சுள்ளிகளைப் பார்த்திருக்கிறார். யாருக்கும் வேண்டாமல் கிடக்கிற பொருள். அள்ளிக்கொண்டு போய் ஒடித்து ஒடித்து ஒரு முழு உடையாகக் கோத்தார். சிற்பம் என்று நினைத்துத்தான் செய்தார், மாட்டிக்கொண்டு அசைந்தபோதுதான் அது சத்தம் போடுவதே தெரிந்தது.

இங்கே ஒரு காட்சியகத்தில் அவருடைய உடைகளை நிற்க வைத்திருந்ததைப் பார்த்தேன். சும்மா நின்றன, ஒரு சத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இது அசைந்தால் எப்படிக் கேட்கும் என்று மனசு தானாகக் கேட்டுக்கொண்டது. கால்சலங்கை அக்கா சொல்வதை நான் அங்கே நின்றுதான் உணர்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாணவர்கள் என்று கேட்டீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். 2013 மார்ச்சில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 30 குதிரைகளை இறக்கினார். நார்களால் மூடிய குதிரை, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பேர், ஆடியது அய்லி நடனப் பள்ளி மாணவர்கள். மெதுவாக மேய்கிற மாதிரி நடந்துவிட்டு, வாத்தியம் ஏறும்போது ஆட்டம். நார் உரசுகிற சலசலப்புதான் குதிரையின் சத்தம்.


கூத்துப்பிள்ளை | ஜனவரி 12, மதியம் 1.30

ரயில் நிலையத்தில் குதிரை ஆடியது சரி. டீச்சர் இருக்கிறது தஞ்சாவூர்ப் பக்கம். பொய்க்கால் குதிரை எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் சொல்லவே இல்லையே? இடுப்பில் மாட்டுகிற குதிரை, காலுக்குக் கீழே மரக்கட்டை, தரையில் டக் டக் என்று குளம்புச் சத்தம். மாட்டிக்கொள்ளும் சிற்பம், சத்தம் போடும் சிற்பம், இரண்டும் ஒரே உடம்பில். இதற்குச் சிகாகோ வரை போக வேண்டுமா?

எங்கள் பக்கத்துக் கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயர் வந்ததே உடம்பில் கட்டுகிற மரக்கட்டை நகைகளால்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம், மேலே கண்ணாடிச் சில்லு. மாமா வேஷம் கட்டுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டை உடம்பில் நேராகப் படாது, உள்ளே துணியை மடித்து மடித்துச் சுற்றி, அதற்கு மேல் கயிறு போட்டு இறுக்கி, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டு, இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவார்கள். விடிய விடிய ஆடினாலும் கட்டை தனியாக ஆடாது. கிறுகிறுவென்று சுற்றி நின்றால் கட்டையும் நிற்கும், சலங்கையும் நிற்கும், அப்புறம் வசனம் கணீரென்று கேட்கும். உங்கள் பிள்ளைகளின் சிற்பம் உடம்போடு ஒட்டவில்லை டீச்சர், உடம்பு ஒரு பக்கம் போகிறது, அட்டை ஒரு பக்கம் போகிறது. முதலில் கட்டுவதைச் சரி செய்யுங்கள். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டினால் நல்ல வார் கிடைக்கும், கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும், அறுக்காது.


மிச்சிகன்_ஏரி | ஜனவரி 12, இரவு 7.48

சண்டைக்கு வரவில்லை தலைவா. பொய்க்கால் குதிரையை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு அமைச்சர் வருகைக்கு வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்திருந்தபோது. ரயில் நிலையத்துக் குதிரையைப் பார்க்கிறவர்கள் செல்போனைக்கூட மறந்து நின்றதாக எழுதுகிறார்கள். பொருளில் குறை இல்லை, நாம் நிறுத்துகிற இடத்தில்தான் குறை.


கூத்துப்பிள்ளை | ஜனவரி 12, இரவு 8.05

அது உண்மைதான். சரி, விடுங்கள்.


வண்ணக்கூடை | ஜனவரி 19, மாலை 5.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று கண்ணை மூடுகிற சோதனையை வைத்தேன். 22இல் 5 பேர்தான் தேறினார்கள். கொட்டாங்குச்சி நண்டு தேறிவிட்டது, பனைமரமும். சோடா மூடி அங்கி படுதோல்வி. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது, "உன் சிற்பம் வாயாடி" என்று ஒருவரை ஒருவர் கிண்டல்.

விலா எலும்புக் குழாய்களை 6.7 செ.மீ. கணக்கில் திரும்பக் கட்டினோம். அந்தப் பையன் முதலில் தட்டியபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதே குழாய், அதே சுத்தியல் கட்டை. நானே இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் தோளிலிருந்து தொங்குகிற குழாய்கள் மட்டும் அவன் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே ஒன்றோடொன்று மோதுகின்றன. கயிறு மாற்றினேன், குழாய் மாற்றினேன், நிற்க மாட்டேன் என்கிறது. ஏன்?


காயலான்_கடை | ஜனவரி 19, இரவு 9.00

ஒரு சாண் கயிறு என்று முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. ஊசல் கணக்கு. ஒரு சாண் என்பது ஏறக்குறைய 23, 25 செ.மீ. அந்த நீளத்தில் தொங்குகிற பொருள் ஒரு முறை போய்த் திரும்ப ஒரு நொடி. (குழாய்க்கும் நீளம் உண்டு, ஆகவே கொஞ்சம் கூடும்.) பையன் சாதாரணமாக நடந்தால் இடது வலது சேர்ந்து ஒரு சுற்றுக்கு அதே ஒரு நொடிதான் ஆகும். ஊஞ்சலில் இருக்கிற குழந்தையைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி அவன் ஒவ்வொரு அடியிலும் குழாயைத் தள்ளிவிட்டுக்கொண்டே போகிறான். பத்து அடி நடந்தபின் அது எங்கே நிற்கும்?

கயிறு, குழாய் இரண்டையும் குட்டையாக்குங்கள். எல்லாம் சேர்ந்து நான்கு விரற்கடைக்குள் இருந்தால் ஆட்டம் இரண்டு மடங்கு வேகமாகி நடைக்கு ஒத்துப்போகாது, சட்டென்று அடங்கும். நீளமான குழாய்தான் வேண்டும் என்றால் தொங்கவிடாதீர்கள், இரண்டு கணுவிலும் (முன்னே சொன்ன அந்த ஆடாத இடங்களில்) நூல் போட்டுப் படுக்கையாக மாட்டுங்கள்.


மூட்டுவலி | ஜனவரி 20, காலை 7.20

நான் பிசியோதெரபிஸ்ட், இப்படிப்பட்ட இழைகளில் யாரும் எடையைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் மூக்கை நுழைக்கிறேன். 2020இல் வந்த பள்ளிப்பை கொள்கையில் பை, உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. அது பேசாமல் முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு. இங்கே குதிக்கிறார்கள், சுற்றுகிறார்கள், எடை முதுகோடு ஒட்டியும் இல்லை. நானாக இருந்தால் 2 கிலோவில் நிறுத்துவேன், அதுவும் தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்குகிற மாதிரி.

தலையில் மாட்டுவது ஏதாவது இருக்கிறதா? அதில் மணியோ தகடோ வைக்காதீர்கள். தொழிற்சாலைப் பெரியவர்களுக்கே 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்று ஒரு கணக்கு உண்டு. காதுக்கு நான்கு அங்குலத்தில் தகரம் அடிப்பது பார்வையாளருக்கு மெல்லிசாகக் கேட்கும், பிள்ளைக்கு அப்படி இல்லை. அப்புறம் மார்ச் வெயில். உள்ளே பருத்தி பனியன், ஒத்திகைக்கு நடுவில் தண்ணீர். இதைச் சொல்ல ஒருவர் வேண்டுமே என்றுதான்.


வண்ணக்கூடை | ஜனவரி 20, இரவு 8.30

எடை போட்டுப் பார்த்தேன். சோடா மூடி அங்கி 3 கிலோ 400 கிராம். அதைப் போட்டுக்கொள்கிற பெண் 34 கிலோ. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். மூடியைப் பாதியாகக் குறைக்கிறோம்.


ஈயப்பற்று | ஜனவரி 21, இரவு 11.15

எல்லோரும் மணி, மூடி என்று பேசுகிறீர்கள், மின்னணு வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பியஸோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற தகடு), 27 மி.மீ. வட்டமாகப் பித்தளை நிறத்தில் இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடையில் டீக்காசுக்குக் கிடைக்கும். அதைக் கொட்டாங்குச்சியின் உள்பக்கம் ஒட்டி, இரண்டு வயர் பற்றவைத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் நகம் உரசுகிற சத்தம்கூட அரங்கு முழுக்கக் கேட்கும். நடுவில் ஒரு சின்ன ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் போடுகிற குட்டிச் சுற்று) போட வேண்டும், இல்லாவிட்டால் கீச்சென்று தகரச் சத்தமாக இருக்கும். ஜெர்மனியில் பெனுவா மோப்ரே என்ற கலைஞர் 1980களிலிருந்து ஒலிபெருக்கியைத் துணியிலேயே பொருத்திச் செய்கிறார். பாலே நடனப் பாவாடை மாதிரி வட்டமான கண்ணாடி பிளாஸ்டிக் தட்டு, அதில் ஸ்பீக்கர், ஆம்ப், ஒளி உணரி எல்லாம். ஆடுகிறவர் வெளிச்சத்தில் நகர்ந்தால் சத்தம் மாறும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒன்று செய்தால் எப்படி இருக்கும்!


கால்சலங்கை | ஜனவரி 22, காலை 6.05

22 பிள்ளை, 22 பேட்டரி, 22 வயர், மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு டீச்சர். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி.


ஈயப்பற்று | ஜனவரி 22, காலை 9.40

ஒத்துக்கொள்கிறேன் அக்கா, உற்சாகத்தில் எழுதிவிட்டேன். அப்படியானால் இதை மட்டும் செய்யுங்கள் டீச்சர். மேடை முன்விளிம்பில் இரண்டு சாதாரண மைக், கம்பத்தில் வேண்டாம், தரையில் பழைய பஞ்சுத் துண்டு மேல் படுக்கவையுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் நடக்கிற அதிர்வெல்லாம் உள்ளே போய் தடதடக்கும். ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால் பார்வையாளர் பக்கம் இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடமும் மேடை ஃபேன்களை நிறுத்தச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்காரர் இடையில் "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.


நெற்று_பொறுக்கி | ஜனவரி 23, மாலை 6.30

இவ்வளவு பேசியும் யாரும் மரத்தடிக்குப் போகவில்லையே. தகரம், குழாய் எல்லாம் எடை, கூர்மை, காது வலி. இது வாகை நெற்று காய்ந்து தொங்குகிற காலம். வைக்கோல் நிறத்தில் பட்டையாக, உள்ளே விதை தளர்ந்து கிடக்கும், காற்றடித்தால் மரமே கலகலக்கும். குறுந்தொகை 7ஆம் பாட்டில், பாலை வழியில் ஒரு பையனும் பெண்ணும் போவதைப் பார்த்து யாரோ இரக்கப்படுகிறார்கள். அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு, சுற்றிலும் வாகையின் வெண்ணெற்று ஒலிக்கிறது, அந்த ஒலி கயிற்றில் ஆடுகிற ஆரியக் கூத்தர்கள் கொட்டும் பறை போல இருக்கிறதாம். காலில் போட்டது, மரத்தில் தொங்குவது, பறை என்று மூன்று சத்தமும் அந்த ஆறே அடியில். உங்கள் நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடித்தால் இதைப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை அனுப்பினால் தூங்குமூஞ்சி மரத்துக் காயைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அது உள்ளே பிசுபிசுவென்று சதையாக இருக்கும், சத்தம் வராது, எறும்பு வரும். குல்மோஹர் நெற்று நல்லது, ஒரு முழம் நீளம், ஒன்றைக் கையில் பிடித்து ஆட்டினாலே போதும். பனை ஓலையில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டி யாராவது அந்தப் பக்கம் நிச்சயம் இருப்பார், உள்ளே கூழாங்கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை போட்டால் சத்தம் மெத்தென்று இருக்கும். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று யாராவது எடுத்து வந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், அது விஷம், துளை போடவோ உடைக்கவோ கூடாது. ஆமணக்கு விதையும் அப்படியே.


வண்ணக்கூடை | பிப்ரவரி 9, இரவு 10.10

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் தேர்வுத் தாள்.

நிறைய மாறிவிட்டது. சோடா மூடி அங்கி இப்போது 1 கிலோ 500. மூடிகள் இடது பக்கம் மட்டும், கையை உடம்போடு ஒட்டினால் அமுங்கி ஊமையாகிவிடும், கையைத் தூக்கினால்தான் பேசும். இதை அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது. இப்போது அவள் கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம் நம்மைப் பார்க்கிறாள், அதுவே ஒரு நாடகம்.

வாகை நெற்றுக்கு நான்கு பையன்கள் போனார்கள், சொன்னபடியே முதல் சாக்கில் பாதி தூங்குமூஞ்சி. இரண்டாம் தடவை சரியாகக் கொண்டுவந்தார்கள். 200 நெற்றாவது இருக்கும், ஒரு மூங்கில் கூட்டின் மேல் காம்பைக் கட்டித் தொங்கவிட்டோம், மொத்தம் அரைக் கிலோகூட வரவில்லை. மூட்டுவலி சார் சந்தோஷப்படுவார். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் நடக்க வேண்டாம், தோளை உதறினால் போதும், மழை வருவது போல.

22 பேரையும் ஒன்றாக ஏற்றுவதை விட்டுவிட்டேன். மரச்சத்தம், உலோகச்சத்தம், சருகுச்சத்தம் என்று மூன்று கூட்டம். ஒரு கூட்டம் நடக்கும்போது மற்ற இரண்டும் கல். முதல் இரண்டு நிமிடம் ஒரே ஒரு பிள்ளை, நண்டு மட்டும். தலைமையாசிரியர் நேற்றும் வந்து நின்றார். பாட்டைப் பற்றிப் பேசவில்லை, "இந்தக் குழாயை எங்கே வாங்கினீர்கள்" என்று கேட்டுவிட்டுப் போனார்.


கால்சலங்கை | பிப்ரவரி 10, காலை 5.50

கல்லாக நிற்பதற்கும் ஒத்திகை கொடுங்கள். நிற்கிற பிள்ளைக்குத்தான் மூக்கு அரிக்கும்.


காயலான்_கடை | பிப்ரவரி 10, காலை 8.15

தகடு, மூடி ஓரங்களை ஒரு தடவை அரம் போட்டு விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியது எதையும் நம்பாதீர்கள், வெயிலில் இளகிவிடும். எல்லாவற்றுக்கும் நூல் தையல். மாற்று வார் ஐந்தாறு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


வண்ணக்கூடை | மார்ச் 8, காலை 11.20

நேற்று முடிந்தது.

மாலை 6.45க்கு எங்கள் முறை, அதற்கு முந்தைய நிகழ்ச்சி சினிமாப் பாட்டு ஆட்டம், ஒலிபெருக்கி உச்சத்தில். அது முடிந்த கையோடு நண்டு மட்டும் தனியாக வந்து நின்றது. கூட்டத்தில் பேச்சுச் சத்தம் அடங்கவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண் அசையவே இல்லை. ஒத்திகையில் பத்து எண்ணிவிட்டு நகரச் சொல்லியிருந்தேன், அவள் முப்பது எண்ணியிருப்பாள். பின்வரிசையில் யாரோ "உஸ்" என்றார்கள். அப்புறம் ஒரே ஒரு கொட்டாங்குச்சி, டக். அடுத்தது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை சிரித்தது, அரங்கம் முழுக்க அது கேட்டது, அவ்வளவு அமைதி.

நடுவில் ஒரு கோளாறு. விலா எலும்புப் பையனின் வார் அறுந்துவிட்டது. காயலான்_கடை சொன்ன மாற்று வார் என் கையில்தான் இருந்தது, நான் மேடையின் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஒரு குழாய் கழன்று தரையில் விழுந்து உருண்டது. தட்டையான மேடை என்று நினைத்தோம், இல்லை, அது பாட்டுக்கு மெதுவாக முன்விளிம்பு வரை உருண்டு மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றது, அந்த ஒலி முழுக்க ஸ்பீக்கரில். பிள்ளைகள் யாரும் அசையவில்லை. நிகழ்ச்சியிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று மூன்று பேர் வந்து சொன்னார்கள், வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

கடைசியில் 22 பேரும் சேர்ந்து 20 நொடி மட்டும். பழைய இரைச்சல்தான், அதை அப்படியே வைத்துக்கொண்டோம், சட்டென்று நின்றது.

ஒரு பெற்றோர் வந்து, "பாட்டே இல்லையே, என் பெண் ஆடியதை வீடியோவில் எப்படிப் போடுவது" என்று வருத்தப்பட்டார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.


கூத்துப்பிள்ளை | மார்ச் 8, மதியம் 2.00

முப்பது எண்ணிய பெண்ணுக்கு என் சார்பில் ஒரு சபாஷ். வார் எதனால் அறுந்தது? டியூபா?


வண்ணக்கூடை | மார்ச் 8, மதியம் 2.40

டியூப் நன்றாகவே நின்றது. அவன் அவசரத்தில் ஒரு பக்கம் சணலால் கட்டிக்கொண்டு வந்துவிட்டான், முறுக்கு போதவில்லை.

இப்போது வேறு பிரச்சினை. எல்லாவற்றையும் ஓவிய அறைப் பரணில் வைத்திருக்கிறேன், வாகை நெற்றும் புளியங்கொட்டைக் கிலுகிலுப்பையும் அடுத்த வருடம் வரை தாங்குமா? ஏற்கெனவே ஒரு எலி இருக்கிறது.


நெற்று_பொறுக்கி | மார்ச் 8, மாலை 4.05

நெற்றில் எலியைவிட வண்டு பயம். ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூடி போட்ட தகர டின்னில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். கிலுகிலுப்பையை எலி விடாது, அதைப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பிவிடுங்கள்.